முகமும் கோப்பும்: அமெரிக்க அரசியலில் ஒரு கறுப்பினப் பெண் ஊழியர் – நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரு வேட்பாளரைப் பற்றியதில்லை. அரசியல் அலுவலகங்களில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றியது. காலம் 2018 முதல் 2025 தொடக்கம் வரை. இடம் வாஷிங்டன், பிறகு ஜார்ஜியா மாநிலத் தலைநகர் அட்லாண்டா. அவரை இங்கே ‘ஊழியர்’ என்றே குறிப்பிடுகிறோம். அவரையும் உடனிருந்தவர்களையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன. சட்டங்கள், தேதிகள், தேர்தல் முடிவுகள் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

தமிழ் வாசகருக்கு இந்த உலகம் பெரும்பாலும் கமலா ஹாரிஸ் வழியாகத்தான் அறிமுகம். துளசேந்திரபுரம் கோயில் அர்ச்சனையும் வாசல் கோலமும் நம் செய்திகளில் நிறைய வந்தன. அந்த ஒரு முகத்துக்குக் கீழே கடிதம் எழுதுகிற, வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிற, மசோதாவுக்குக் குறிப்பு தயாரிக்கிற கறுப்பினப் பெண்களின் பெரிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அது நம் பக்கம் அதிகம் பேசப்பட்டதில்லை.

பின்னணி

ஊழியர் ஜார்ஜியாவின் கிராமப்புறக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்றில் பிறந்தவர். அட்லாண்டாவில் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளில் ஒன்றில் படித்தார். 2018 ஆளுநர் தேர்தலில் களப்பணியாளராகச் சேர்ந்தார். பெரிய கட்சி ஒன்றின் சார்பில் ஆளுநர் பதவிக்கு நின்ற முதல் கறுப்பினப் பெண் ஸ்டேசி ஆப்ரம்ஸ் போட்டியிட்ட தேர்தல் அது. விண்ணப்பத்தில் உள்ள பெயர் அரசு ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்ற விதியால் சுமார் 53,000 வாக்காளர் பதிவுகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. அவற்றில் பெரும்பான்மை கறுப்பினத்தவருடையவை. பெயரில் ஒரு சிறுகோடு விட்டுப்போனாலும் பதிவு நின்றுவிடும். அப்படி நின்ற பதிவுகளை வீடு வீடாகப் போய்ச் சரிசெய்வதுதான் இவருக்குத் தரப்பட்ட வேலை. ஆப்ரம்ஸ் ஏறத்தாழ 55,000 வாக்குகளில் தோற்றார். ஆனாலும் ஊழியரின் நினைவில் அந்த ஆண்டு தோல்வியாகப் பதியவில்லை. ஒரு வீட்டுக்குப் போய்வந்தால் ஒரு பதிவு சரியாகும், பலன் அன்று மாலையே தெரியும் என்பதால்.

2019 ஜனவரியில் அவர் வாஷிங்டன் போனார். தெற்கு மாநிலமொன்றின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அலுவலகத்தில் வரவேற்பு உதவியாளராகச் சேர்ந்து, எட்டு மாதத்தில் கடித உதவியாளர் ஆனார். இந்த அலுவலகங்களின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓர் உறுப்பினர் அதிகபட்சம் 18 நிரந்தர ஊழியர்களை வைத்துக்கொள்ளலாம். ஏணி இப்படிப் போகும்: வரவேற்பு உதவியாளர், கடித உதவியாளர், சட்ட உதவியாளர், சட்டப் பிரிவு இயக்குநர், தலைமை அலுவலர். சட்ட உதவியாளர் என்ற படியில்தான் ‘கோப்பு’ கைக்கு வரும். அதாவது சுகாதாரம், விவசாயம், வரி என்று ஒரு துறை அவருடையதாகும். அந்தத் துறையில் உறுப்பினர் எப்படி வாக்களிக்கலாம் என்று அவர்தான் முதலில் எழுதுவார். அதற்குக் கீழே இருப்பவர்கள் பிறர் எடுத்த முடிவை அழகாகச் சொல்பவர்கள். கீழ்ப் படிகளில் சம்பளமும் மிகக் குறைவு. 2022 செப்டம்பரில்தான் பிரதிநிதிகள் சபை ஊழியருக்கு ஆண்டுக்கு 45,000 டாலர் என்று குறைந்தபட்ச ஊதியம் வந்தது. அதற்கு முன் வாஷிங்டன் வாடகையைச் சமாளித்து மூன்று நான்கு ஆண்டு கீழ்ப்படியில் காத்திருக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் பெற்றோர் பணம் அனுப்பக்கூடியவர்கள். இவருக்கு அந்த வசதி இல்லை. வார இறுதிகளில் வேறு வேலையும் பார்த்தார்.

2020 மே 25 அன்று கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்ட பிறகு அலுவலகத்துக்கு வந்த கடிதங்கள் பல மடங்காயின. காவல்துறை, இனம் பற்றிய எல்லாப் பதில்களும் இவர் மேசைக்கு வந்தன. கேட்டுக்கொடுக்கப்பட்ட பொறுப்பில்லை அது. அலுவலகத்தில் இருந்த ஒரே கறுப்பினப் பெண் இவர்தான் என்பதால் தானாக வந்து சேர்ந்தது. டிசம்பரில் தன் விடுப்பு நாட்களை எடுத்துக்கொண்டு அமெரிக்க செனட்டின் ஜார்ஜியா இடங்களுக்கான இரண்டாம் சுற்றுத் தேர்தலுக்குப் போனார். அரசுச் சம்பளம் வாங்கும் நேரத்தில் பிரசாரம் செய்யக்கூடாது என்பதால் இப்படிச் சொந்த விடுப்பில் போவதுதான் வழக்கம். 2021 ஜனவரி 6 அதிகாலையில் ராஃபேல் வார்நாக் ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டராக வென்ற செய்தி வந்தது. அன்று பிற்பகலே வாஷிங்டனில் நாடாளுமன்றம் இருக்கும் கேபிடல் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது. அதில் ஒருவன் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பின் கொடியோடு உள்ளே நடந்தான். ஊழியர் அப்போது ஜார்ஜியாவில் இருந்தார். பூட்டிய அறைகளுக்குள்ளிருந்து சக ஊழியர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

முறையீடு

2021 மார்ச்சில் அவர் சொன்னது இது: காலையில் எழுந்தால் எதற்காக இந்த வேலைக்கு வந்தேன் என்று நினைவுக்கு வருவதில்லை. உடன் இருந்தவர்கள் களைப்பு என்றார்கள், விடுப்பு எடு என்றார்கள், ஆலோசகரைப் பார் என்றார்கள். இரண்டு வாரம் விடுப்பு எடுத்தார். உடம்பு தெளிந்தது, ஆனால் கேள்வி அப்படியே இருந்தது.

அந்த அலுவலகத்துக்கு வெளியே ஒரு மூத்தவர் இருந்தார். அவரும் கறுப்பினப் பெண். வேறொரு உறுப்பினரிடம் தலைமை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தொலைபேசியில் பேசுவார்கள். ‘உன் லட்சியம் என்ன’ என்ற வழக்கமான பேச்சை மூத்தவர் எடுக்கவில்லை. “உன் மேசையில் நீ கை வைக்காமல் நகராத தாள் எது, சொல்லு” என்று கேட்டார். ஊழியரிடம் பதில் இல்லை. எட்டு வாரம் நேரக்குறிப்பு எழுதி வரச் சொன்னார்.

கண்டவை: எட்டு வார நேரக்குறிப்பு

முறை எளிமையானது. அரை மணிக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் நான்கில் ஒரு பெயர். கடிதம்: வாக்காளருக்கான பதில்கள். ஆள்: ஓய்வூதியம், படைவீரர் உதவி, குடியேற்றம் என்று ஒருவரது குறையைத் துறைக்கு எழுதித் தீர்ப்பது. கோப்பு: மசோதா, வரவுசெலவு, கமிட்டி. முகம்: ஒருவர் கறுப்பினப் பெண்ணாக இருப்பதாலேயே அவரிடம் வரும் வேலை. இந்தக் கடைசி வகையைத் தனியாகப் பிரித்ததுதான் முக்கியம். சாதாரண நேரக்குறிப்பில் அது ‘தொடர்புப் பணி’ என்ற பெயரில் மறைந்துபோகும்.

அன்றன்றே எழுத வேண்டும் என்பது நிபந்தனை. முதல் வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஒரே மூச்சில் எழுதினார், அது கழிக்கப்பட்டது. நினைவிலிருந்து எழுதும்போது மனம் வலித்த வேலை கூடுதலாகவும் பழகிய வேலை குறைவாகவும் பதிவாகிறது.

சராசரி வாரம் 51 மணி. கடிதம் 22, முகம் 17, ஆள் 8, கோப்பு 4.

முகம் என்ற 17 மணிக்குள் என்ன இருந்தது? ஃபிளாய்ட் கொலைக்கான மினியாபொலிஸ் வழக்கின் தீர்ப்பு ஏப்ரல் 20 அன்று வருவதற்கு முன்பே எழுதி வைத்த மூன்று அறிக்கைகள்: குற்றவாளி, நிரபராதி, பாதி பாதி. நிகழ்ச்சிகளில் உறுப்பினருக்குப் பின்னால் நிற்பது. கறுப்பின வாக்காளர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கும் சக ஊழியர்களுக்கு ஒரு மாநிலத்து மக்கள் சார்பில் பதில் சொல்வது. அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கத்துக்கு வரும் வசைகளைப் படித்து நீக்குவது. இந்தக் கடைசி வேலையை இவரிடம் கொடுத்தவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. எது வசை என்று இவருக்குத்தான் புரியும் என்று நினைத்தார். வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்கள் வசை ட்விட்டுகளில் குறிப்பிடப்படும் வாய்ப்பு 84 சதவீதம் அதிகம் என்று மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி 2018-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அதிகமாக வசை வாங்கும் தரப்பிலிருந்தே ஒருவரை அழைத்து அதைச் சுத்தம் செய்யச் சொல்வது எவ்வளவு பிழையான ஏற்பாடு என்பது எழுதிப் பார்த்த பிறகுதான் அலுவலகத்துக்கே தெரிந்தது.

இன்னொரு பதிவும் கண்ணில் பட்டது. மார்ச் 25 அன்று ஜார்ஜியாவில் செனட் மசோதா 202 சட்டமானது. அஞ்சல் வாக்குக்கு அடையாள எண், அஞ்சல் வாக்கைப் போடும் பெட்டிகளுக்குக் கட்டுப்பாடு, வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தடை. 2018-ல் வாக்காளர் பதிவு வேலையை வீடு வீடாகச் செய்தவர் இவர். அதன் சட்டக் குறிப்பை எழுத வேறொருவர் பணிக்கப்பட்டார். உணர்ச்சி அறிக்கை மட்டும் இவரிடம் வந்தது.

மூத்தவரின் கணிப்பு இதுதான்: அந்தப் பெண்ணுக்கு நோக்கம் தொலையவில்லை. நோக்கத்தைச் செலுத்த வேண்டிய இடத்தில் அதிகாரம் இல்லை. வாரம் நான்கு மணி நேரத்தில் எந்த நோக்கமும் உயிர் வாழாது.

இது புதிய நோயுமில்லை. 1968-ல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷம் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து வந்தவர், குழந்தைகள் காப்பக நிர்வாகத்தில் அனுபவமுள்ளவர். அவரை விவசாயக் கமிட்டியில் போட்டார்கள். எதிர்த்துப் பேசி மாற்றம் வாங்கினார். கிடைத்தது படைவீரர் நலக் கமிட்டி. கல்வி, தொழிலாளர் கமிட்டி அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது.

முதல் முயற்சி: பதவிப் பெயர்

மே மாதம் ஊழியர் நேரக்குறிப்பைத் தலைமை அலுவலரிடம் வைத்துப் பேசினார். வரவேற்பு நல்லபடியாகவே இருந்தது. இரண்டே வாரத்தில் ‘சமூகத் தொடர்பு இயக்குநர்’ என்ற பெயரும் சிறிய ஊதிய உயர்வும் கிடைத்தன. மூன்று மாதம் கழித்து மறுபடி இரண்டு வாரம் குறித்துப் பார்த்தபோது முகம் 26 மணியாகவும் கோப்பு 2 மணியாகவும் ஆகியிருந்தன.

காரணம் அவர் கேட்ட விதத்தில் இருந்தது. ‘என் பங்களிப்புக்கு அங்கீகாரம் வேண்டும்’ என்று கேட்டார், அங்கீகாரம் கொடுத்தார்கள். சுகாதாரக் கோப்பு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஏணியில் அடுத்த படி சட்ட உதவியாளர். இவரை ஏற்றியது பக்கத்தில் போட்ட பலகையில்.

இரண்டு வழிகள் விடப்பட்டன

அந்தக் கோடையில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, சொந்த ஊரில் மாநில சட்டமன்றத்துக்கு நிற்பது. திறமையான கறுப்பினப் பெண்ணைக் கண்டால் எல்லோரும் சொல்வது இதுதான். பாராட்டாகச் சொல்கிறார்கள், ஆலோசனையாக நிற்பதில்லை. ஜார்ஜியாவில் கீழவைக்கு நிற்க வேட்புக் கட்டணம் 400 டாலர்தான். ஆனால் உறுப்பினருக்கு அப்போது ஆண்டுச் சம்பளம் சுமார் 17,000 டாலர். ஜனவரி முதல் மார்ச் இறுதி வரை வேலையை விட்டுவிட்டு வரக்கூடிய வழக்கறிஞருக்கும் சொந்தத் தொழில் உள்ளவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஏற்ற பதவி. கல்விக்கடன் உள்ள 31 வயதுப் பெண்ணுக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. வேட்பாளர் ஆனால் முகம் என்ற பங்கு இன்னும் கூடும் என்பதையும் மூத்தவர் சுட்டிக்காட்டினார்.

மற்றொன்று, அரசியலை விட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் பன்மைத்துவப் பிரிவுக்குப் போவது. இரட்டிப்புச் சம்பளம். ஊழியர் இதைத் தீவிரமாகவே யோசித்தார். அதில் தவறும் இல்லை. வேண்டாமென்று வைத்ததற்குக் காரணம், அந்த வேலை முழுக்க முழுக்க முகம் வகையாக இருந்தது.

ஒரு பழைய கடிதம், ஒரு புதிய பிரிவு

எதில் கை வைப்பது என்பதற்கு விடை அவர் எழுதிய கடிதங்களுக்குள்ளேயே இருந்தது. மூத்தவர் சொல்லி, இரண்டு ஆண்டுப் பதில்களில் ‘எங்களால் இதில் எதுவும் செய்ய இயலாது’ என்று முடிந்தவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தார். 2019 இலையுதிர் காலத்தில் ஒரு பெண் தன் தங்கையைப் பற்றி எழுதியிருந்தார். பிரசவமாகி நான்காவது மாதம் இதயத் தசை நோயால் இறந்தவர். மூச்சு வாங்கியும் மருத்துவரிடம் போகவில்லை, ஏனென்றால் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. மெடிக்கெய்டு மாநில அரசு நடத்துவது, உங்கள் மாநிலத் துறையை அணுகவும் என்று ஊழியரே பதில் அனுப்பியிருந்தார்.

அப்போதைய விதி இப்படி: குறைந்த வருமானமுள்ள கர்ப்பிணிக்கு மெடிக்கெய்டு காப்பீடு உண்டு, பிரசவத்துக்குப் பின் 60 நாள் முடியும் மாதக் கடைசியில் அது நிற்கும். ஜார்ஜியாவில் கர்ப்பிணிக்கான வருமான வரம்பு வறுமைக் கோட்டின் 220 சதவீதம். அதே பெண் தாயாக மட்டும் ஆன பிறகு வரம்பு ஏறத்தாழ அந்தக் கோட்டின் மூன்றில் ஒரு பங்கு. நடுவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கீழே விழுவார்கள். மாநிலத்துப் பிரசவங்களில் பாதிக்கு நெருக்கமானவை மெடிக்கெய்டு செலவில் நடப்பவை. இதயத் தசை நோய் போன்றவை பிரசவமாகி வாரங்கள், மாதங்கள் கழித்துக் கொல்பவை. கறுப்பினத் தாய்மாரிடம் அது முக்கியமான மரணக் காரணம். நாடு முழுவதும் கறுப்பினப் பெண்கள் மகப்பேறு தொடர்பான காரணங்களால் இறக்கும் விகிதம் வெள்ளையினப் பெண்களைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

2021 மார்ச் 11 அன்று கையெழுத்தான கூட்டரசு (மத்திய அரசு) நிவாரணச் சட்டத்தின் 9812-வது பிரிவு, 2022 ஏப்ரல் 1 முதல் மாநிலங்கள் விரும்பினால் இந்த 60 நாளை 12 மாதமாக்கலாம் என்றது. அந்தச் சட்டத்துக்கான பொதுக் கடித வாசகத்தை எழுதியவரும் இதே ஊழியர்தான். எழுதும்போது அந்தப் பிரிவை ஒரு வரியில் கடந்துபோயிருந்தார். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முடிவெடுக்கும் மேசை வாஷிங்டனில் இல்லை, அட்லாண்டாவில் இருந்தது. ஜார்ஜியா 2019-லேயே ஆய்வுக் குழு அமைத்து 12 மாதம் வேண்டும் என்ற பரிந்துரையைப் பெற்று, 2020-ல் அவை மசோதா 1114 மூலம் 6 மாதம் வரை மட்டும் நீட்டியிருந்தது. பாதி வழியில் நின்ற வேலை.

முடிவும் நிபந்தனைகளும்

2021 செப்டம்பரில் அவர் வாஷிங்டன் வேலையை விட்டு, ஜார்ஜியா சட்டமன்றத்தில் சிறுபான்மைக் கட்சி (இடங்கள் குறைவாக உள்ள கட்சி) உறுப்பினர் சிலருக்குப் பொதுவான கொள்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். வருமானம் குறைந்தது. முதல் முயற்சியில் கற்றதை வைத்து, சேரும் முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்கியவை:

மெடிக்கெய்டு, மகப்பேறு தொடர்பான எல்லாத் தாளும் முதலில் அவரிடம் வரும். சுகாதாரக் கமிட்டிக் கூட்டங்களிலும் துறை அதிகாரிகளோடு நடக்கும் சந்திப்புகளிலும் அவர் உட்காருவார். இனம் தொடர்பான அறிக்கைகள் எல்லா ஊழியருக்கும் முறை வைத்துப் போகும். அவர் முறைக்கு மாதம் இரண்டுக்கு மேல் வராது. வசைச் செய்திகளை வேறொருவர் பார்ப்பார். மிரட்டல் என்றால் தேதி, நேரம் தெரிய படமெடுத்து அன்றே பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பப்படும், அவருக்குத் தகவல் மட்டும் சொல்லப்படும்.

இவற்றில் மூன்றாவதை ஏற்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. ‘உன்னைப்போல் யார் எழுதுவார்கள்’ என்றார்கள். முதல் இரண்டு மாதம் பிறர் எழுதிய அறிக்கைகள் சுமாராகத்தான் இருந்தன. அதைத் திருத்தித் தரவும் மறுத்தார். திருத்த ஆரம்பித்தால் வேலை மறுபடி தன் மேசைக்கே வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

2022 கூட்டத்தொடர்

ஜார்ஜியா சட்டமன்றம் ஆண்டுக்கு 40 நாள் மட்டும் கூடும். கீழவையில் 180 பேர், மேலவையான மாநில செனட்டில் 56 பேர். 2022-ல் தொடக்கம் ஜனவரி 10, கடைசி நாள் ஏப்ரல் 4. நடுவே மார்ச் 15 கடக்கும் நாள். அதற்குள் தன் அவையைத் தாண்டாத மசோதா அந்த ஆண்டுக்கு முடிந்தது. 1965-ல் கிரேஸ் டவுன்ஸ் ஹாமில்டன் இந்தச் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். இப்போது கறுப்பினப் பெண் உறுப்பினர்கள் பலர்; ஆனால் பெரும்பாலும் சிறுபான்மைக் கட்சியில். சிறுபான்மைக் கட்சி மசோதாவுக்குக் கமிட்டி விசாரணையே கிடைப்பது அரிது.

முதல் சிக்கல் அங்கேதான். 12 மாத நீட்டிப்புக்குச் செனட் மசோதா 338-ஐ முன்வைத்தவர் பெரும்பான்மைக் கட்சியின் உறுப்பினர், தொழிலால் மருத்துவர். ஊழியரின் உறுப்பினர்களில் சிலர் தங்கள் பெயரில் தனி மசோதா வேண்டும் என்றார்கள். வருடக்கணக்காக இதைப் பேசியவர்கள் தாங்கள்தான் என்பது அவர்கள் நியாயம். ஊழியர் எழுதிய குறிப்பு தனி மசோதா வேண்டாம் என்றது. கமிட்டித் தலைவர் யார், எந்த மசோதா பட்டியலில் ஏறும், கடக்கும் நாளுக்கு எத்தனை கூட்டம் மீதி என்று மூன்றே வரி. பெயர் போகும், காப்பீடு வரும் என்று வாயால் சொன்னார். ஒப்புக்கொண்டார்கள், மனக்கசப்போடு.

இரண்டாவது சிக்கல் ஒரு பக்கக் குறிப்பில் வந்தது. அவரது முதல் வடிவம் ‘மூன்று மடங்கு’ என்ற வரியோடு தொடங்கியது. பெரும்பான்மைக் கட்சி உறுப்பினர்களோடு பேசப்போனவர்கள் திரும்பி வந்து, முதல் வரியிலேயே பேச்சு நின்றுவிட்டது என்றார்கள். இரண்டாம் வடிவம் கவுண்டி மருத்துவமனையில் தொடங்கியது: ஜார்ஜியாவின் 159 கவுண்டிகளில் பாதியளவில் மகப்பேறு மருத்துவரே இல்லை, காப்பீடில்லாத தாய் அவசரச் சிகிச்சைக்கு வந்தால் அந்தச் செலவு சிறு மருத்துவமனையின் தலையில் விழும், நீட்டிப்புச் செலவில் மாநிலப் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான், மீதி கூட்டரசு தரும். இந்த வடிவம் வேலை செய்தது. ஆனால் ஊழியருக்கு அன்றிரவு தூக்கமில்லை. யாருக்காக வந்தாரோ அவர்களை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளியதுபோல இருந்தது.

மூத்தவரோடு பேசி ஒரு விதி வகுத்துக்கொண்டார்: வரிசை மாறலாம், வரி போகக்கூடாது. எந்த வடிவத்திலும் கறுப்பினத் தாய்மார் விகிதம் அந்த ஒரே பக்கத்துக்குள் இருந்தாக வேண்டும். ஓர் உறுப்பினர் அதை முழுவதும் எடுத்துவிடச் சொன்னபோது, அவருக்கு அந்தத் தாள் தரப்படவில்லை, வாய்மொழியாகவே பேசினார்கள். இந்த விதி எல்லோருக்கும் சம்மதமாகாது. விகிதத்தை முதல் வரியிலிருந்து இறக்குவதே சரணாகதி என்று நினைப்பவர்கள் அதே அலுவலகத்தில் இருந்தார்கள், அவர்கள் வாதமும் வலுவானது.

மூன்றாவது, ஒரு பிழை. தாயை இழந்த குடும்பம் ஒன்றைச் சாட்சி சொல்ல வரச்சொன்னார்கள். மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்தார்கள். கூட்டம் அன்று காலை தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த வாரமும் அப்படியே ஆனது. இரண்டாம் முறை அந்தப் பாட்டி வாகன நிறுத்தத்திலேயே அழுதார். கமிட்டி நேரம் அன்றைக்கன்று மாறும் என்பது உள்ளிருப்பவருக்குத் தெரியும், அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. அதன்பின் நடைமுறை மாறியது. எழுத்துச் சாட்சியம் முதலில் வாங்கப்படும். கூட்ட அறிவிப்பு ஒட்டிய பிறகும் கமிட்டிச் செயலரிடம் காலையில் ஒருமுறை உறுதி செய்துவிட்டே கிளம்பச் சொல்லப்படும். பெட்ரோலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவும் கொடுக்கப்படும். ஒரே குடும்பத்தை இரண்டு முறைக்கு மேல் அழைப்பதில்லை.

மசோதா இரு கட்சி ஆதரவோடு இரு அவைகளையும் கடந்தது. பிறகு ஆளுநர் கையெழுத்திட்டார். இது இந்த ஊழியரால் நடந்ததில்லை. ஆய்வுக் குழு, மருத்துவர் சங்கங்கள், தாய்மார் அமைப்புகள் என்று பல ஆண்டு உழைப்பு அது. அவர் செய்தது, சிறுபான்மைத் தரப்பு அதில் குறுக்கே நிற்காமலும், குறிப்புகளில் கணக்கு தவறாமலும் பார்த்துக்கொண்டது. மார்ச்சில் எடுத்த நேரக்குறிப்பில் கோப்பு வாரத்துக்கு 29 மணி.

பின்னர் நடந்தவை

2022 அக்டோபரில் கூட்டரசு ஒப்புதல் வந்தது. ஆனால் சட்டம் உடனே யார் வாழ்க்கையையும் மாற்றவில்லை, ஏனென்றால் கொரோனாக் கால விதிப்படி 2020 மார்ச்சிலிருந்து யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்க முடியாது. அந்தத் தடை 2023 மார்ச் 31-ல் முடிந்தது. அடுத்த நாளிலிருந்து மாநிலங்கள் மறுபடி சரிபார்த்து ஆட்களை நீக்கலாம். இந்த இடத்தில் பலர் கோட்டை விட்டார்கள். சட்டம் நிறைவேறிய அன்றே வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டார்கள். தகுதி இருந்தும் முகவரி மாறியதாலும் படிவம் திரும்பாததாலும் காப்பீடு இழந்தவர்கள் ஜார்ஜியாவில் ஏராளம். ஊழியர் அந்த ஆண்டு முழுவதும் செய்தது சலிப்பான வேலை: மாநில அரசு உதவிகளுக்கான ஜார்ஜியா கேட்வே இணையப் பக்கத்தில் பிரசவத் தேதியை எங்கே மாற்றுவது என்று ஒரு பக்க விளக்கம், அதைத் தேவாலயங்களுக்கும் குழந்தைத் தடுப்பூசி மையங்களுக்கும் அனுப்புவது, நீக்கப்பட்டவர் பட்டியலோடு துறை அதிகாரியை வாரம் ஒருமுறை அழைப்பது. 2018-ல் சிறுகோட்டுக்காக வீடு வீடாகப் போனதைப் போன்ற வேலைதான்.

2024 ஜூலை 21 அன்று அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து பைடன் விலகினார். அன்றிரவே கறுப்பினப் பெண்கள் நடத்திய இணையக் கூட்டத்தில் 44,000 பேர் சேர்ந்தார்கள். ஊழியரும் அதில் இருந்தார். ஹாரிஸ் பிரசாரத்தில் முழுநேரப் பணிக்கு அழைப்பு வந்தது. கூட்டத்தொடர் இல்லாத காலம் என்பதால் எட்டு வாரம் ஊதியமில்லா விடுப்பு மட்டும் எடுத்தார், வேலையை விடவில்லை. நவம்பர் 5-ல் தோல்வி. கறுப்பினப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஹாரிஸுக்கு வாக்களித்தார்கள் என்று வாக்குச்சாவடிக் கணிப்புகள் காட்டின. அடுத்த வாரங்களில் அந்தப் பெண்கள் பலர், இனி ஓய்வு, இனி எங்களைக் கூப்பிடாதீர்கள் என்றார்கள். இவரும் டிசம்பர் முழுவதும் யாரிடமும் பேசவில்லை. 2025 ஜனவரியில் கூட்டத்தொடர் தொடங்கியபோது மேசைக்குத் திரும்பினார். கோப்பு அங்கேயே இருந்தது. அவரோடு பிரசாரத்துக்குப் போனவர்களில், வேலையை முழுவதும் விட்டுவிட்டுப் போன இருவர் இன்னும் அரசியலுக்குத் திரும்பவில்லை.

மறுபடி செய்வதானால்

நேரக்குறிப்பை 2021 மார்ச்சுக்குப் பதிலாக 2019-லேயே, கடித உதவியாளர் ஆன மூன்றாம் மாதத்தில் எடுத்திருக்க வேண்டும். முகம் வாரத்துக்குப் பத்து மணியைத் தாண்டும்போதே பேசியிருந்தால் பேரம் எளிது. 17 ஆன பிறகு அலுவலகம் அதைச் சார்ந்து பழகிவிட்டது.

மே மாதப் பேச்சில் பதவிப் பெயரைக் கேட்காமல் கோப்பின் பெயரைக் கேட்டிருக்க வேண்டும். எந்தக் கமிட்டி, எந்தக் கூட்டம், எந்தத் தாளில் முதல் கை என்று மூன்று வரி. மறுத்தால் நான்கு மாதத்துக்கு முன்பே கிளம்பியிருக்கலாம்.

குடும்பச் சாட்சிக்கான நடைமுறை முதல் நாளிலேயே இருந்திருக்க வேண்டும்.

தீராமல் நிற்பவையும் உண்டு. வருமானம் 2021 அளவுக்கு வர மூன்று ஆண்டாயிற்று, கல்விக்கடன் பாதி இருக்கிறது. சிறுபான்மைக் கட்சி ஊழியருக்கு மேலே ஏறப் படிகள் குறைவு. அடுத்த நகர்வு எங்கே என்பது பற்றி மூத்தவருக்கும் இவருக்கும் கருத்து வேறுபாடு. மூத்தவர் வாஷிங்டனுக்குத் திரும்பச் சொல்கிறார், இந்த முறை சட்டப் பிரிவு இயக்குநராக. ஊழியர் ஜார்ஜியாவின் சுகாதாரத் துறைக்குள்ளேயே போக நினைக்கிறார். நேரக்குறிப்பை இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் எழுதுகிறார். 2025 பிப்ரவரிக் கணக்கில் முகம் 9 மணி, கோப்பு 27.